செய்தியின் நான்காவது பந்தி

சனிக்கிழமைகளில் நோர்வேக்காரர்கள் அரிசிக் கஞ்சி சாப்பிடுவார்கள். பாலில் குழைய வேகவைத்த அரிசி, மேலே சீனியும் கறுவாத்தூளும், நடுவில் உருகிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு வெண்ணெய். ஓஸ்லோவின் ட்வெய்ட்டாவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் அதைக் கிண்டுவது என் பொறுப்பு. கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லித் தந்தார்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் நான் அதை மறந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என் வலது கையில் நீளமான மரக்கரண்டி இருந்தது. இடது கையில் கைபேசி. சமையலறையில் கைபேசி கூடாது என்று சுவரில் படத்தோடு ஒட்டியிருக்கிறது. அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊரின் உள்ளூர்ப் பத்திரிகை அனுப்பிய செய்தி அது. கடலுக்குள் நீண்டு நிற்கும் பழைய பாலத்துக்கு அருகே ஓர் ஆணின் உடலை மீட்டிருக்கிறார்கள். வயது ஐம்பதுகளில் இருக்கலாம்.

என் தம்பி ரவிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. அவனுடைய கடை அந்தப் பாலத்திலிருந்து கூப்பிடு தூரம்.

நோர்வேப் பெண்மணியின் காலை வேலை

இந்தத் தொடரில் நான் என்னைப் பற்றி நல்லதை மட்டும் தெரிந்தெடுத்து எழுதுகிறேன் என்று என் மகள் அபிக்கு ஒரு குறை. "நீங்கள் இவ்வளவு நல்ல ஆளெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே, அம்மா" என்று போன வாரம் சொன்னாள். ஆகவே இந்த வாரம் இது.

ரவி லண்டனில் பல வருடம் மற்றவர்களுடைய கடைகளில் நின்றுவிட்டு, பிறகு மனைவி சுகந்தியோடு அந்தக் கடற்கரை ஊருக்குப் போய் ஒரு சின்னக் கடை எடுத்தான். பத்திரிகை, பால், சிகரெட், பெப்பர்மின்ட், கோடையில் பிள்ளைகள் மண் தோண்டும் பிளாஸ்டிக் வாளி. ஊரின் பெயரை எழுதமாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

அவன் அங்கே போன புதிதில், எப்படிப்பட்ட ஊர் என்று பார்ப்பதற்காக அந்தப் பத்திரிகையின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். திறந்தது திறந்ததுதான். தினமும் காலையில் எல்லிங்ஸ்ருட்டில் சுரங்க ரயில் ஏறினால் ட்வெய்ட்டாவில் இறங்குவதற்குள் அந்த ஊரில் முதல் நாள் யார் யாருக்கு என்ன நடந்தது என்று முடித்துவிடுவேன். பாறையிலிருந்து வழுக்கி விழுந்தவர், தீப்பிடித்த விடுதி, நண்டு பிடிக்கப் போன இடத்தில் கடல்நீர் சூழ்ந்துகொண்ட குடும்பம். திருவிழா, பாடசாலைப் பரிசளிப்பு, பூந்தோட்டப் போட்டி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து அப்படியே தள்ளிவிடுவேன்.

"அந்த ஊரிலை ஆரும் சாகாட்டில் உமக்குக் காலமைத் தேத்தண்ணி இறங்காது" என்பார் என் கணவர்.

வாசித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செய்திக்குக் கீழே வாசகர்கள் எழுதும் இடத்தில் நானும் அனுதாபம் எழுதினேன். என்னுடைய ஆங்கிலம் நோர்வேஜிய மொழியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஆங்கிலம். இருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் மரியாதையாக நன்றி சொல்வார்கள். பேருக்குப் பக்கத்தில் அபியின் அரங்கேற்றத்துக்கு நான் பச்சைப் பட்டுச் சேலையோடு நின்ற படம். போகப்போக "நோர்வேப் பெண்மணி வந்துவிட்டார்" என்று சிலர் எழுதத் தொடங்கினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஓஸ்லோவில் என்னை எந்தப் பத்திரிகைக்கும் தெரியாது.

பிறகு ரவிக்கு ஃபோன்.

"தம்பி, உங்கடை பீச் றோட்டிலை ஒரு மனிசியைக் கார் அடிச்சிட்டுதாம்."

"எப்ப?"

"இப்பதான். இன்னும் அம்புலன்ஸ் வரேல்லையாம்."

"அக்கா, நான் அந்த றோட்டிலைதான் நிக்கிறன். அது நேற்று."

அவனுக்குச் சலிப்பாக இருந்திருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கும் அவனுக்கும் கதைக்க வேறொன்றும் இருக்கவில்லை. நான் நோர்வேக்கு வந்தபோது அவன் மீசை அரும்பத் தொடங்கிய பொடியன். திரும்பிக் கண்டபோது தலை நரைத்திருந்தது. இடையில் நடந்ததை இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. சாப்பிட்டியோ, ஓம். குளிரோ, ஓம். அதற்குப் பிறகு வரும் மௌனத்துக்குள் போடுவதற்கு எனக்கு அந்த ஊரின் விபத்துகள் தேவைப்பட்டன.

எனக்கென்று ஒரு வாசிப்பு முறையும் இருந்தது. தலைப்பு, முதல் இரண்டு பந்தி, பிறகு நேரே கீழே இறங்கி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. நடுவில் உள்ளதை விட்டுவிடுவேன். எங்கள் கட்டடத்துக்கு அண்மையில் குடிவந்த கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "நான் நாலாவது பந்தியை வாசிக்கேல்லை" என்றேன். "பந்தியா? எந்தக் கல்யாணத்துலக்கா?" என்று கேட்டாள். அவளுக்குப் பந்தி என்றால் சாப்பாட்டு வரிசை; அவர்கள் 'பாரா' என்பார்கள். சரி. நான் நான்காவது பாராவை வாசிக்கவில்லை.

மீசை

ரவிக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி.

சனிக்கிழமைக் காலையில் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிவிட்டு, கடையைச் சுகந்தியிடம் கொடுத்துக் கடற்கரையில் நடப்பது அவன் வழக்கம். வைத்தியர் சொன்ன நடை. சுகந்திக்கு அடித்தேன். அவளும் எடுக்கவில்லை. அவளுடைய அக்கா மகளுக்கு அன்று லண்டனில் சாமத்தியவீடு, பூப்புனித விழா. மண்டபத்தில் பாட்டுச் சத்தத்தில் ஃபோன் எப்படிக் கேட்கும்? இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அவளும் எடுக்காதது எனக்கு இரண்டாவது சாட்சியாகப் பட்டது.

ஒன்பதாவது தடவையும் எடுக்காதபோது அந்தச் செய்திக்குக் கீழே எழுதினேன். அந்த வசனத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"தயவுசெய்து சொல்லுங்கள். இறந்தவர் தமிழரா? மண்ணிறமா? அவருக்கு மீசை இருந்ததா? நான் சகோதரி, நோர்வே."

அதற்குள் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. தூரில் என்ற எங்கள் பொறுப்பாளர் மோப்பம் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நான் அழுதுகொண்டிருந்ததைக் கண்டதும் அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டாள். நிலைமையைச் சொன்னேன். "பெயர் போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ உனக்கு ஒன்றும் தெரியாது" என்றாள். நோர்வேக்காரர் ஆறுதல் சொல்லும் விதம் அதுதான். அன்று நாற்பது முதியவர்கள் அடிப்பிடித்த கஞ்சி சாப்பிட்டார்கள். ஒருவர் மட்டும், காட்டில் விறகு வெட்டிய காலத்து ருசி என்று சொல்லி இன்னொரு கோப்பை கேட்டாராம்.

ஆஸ்பத்திரி விறாந்தை

கதிரையில் இருந்த அந்த இரண்டு மணித்தியாலமும் எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

சண்டைக் காலம். ரவிக்குப் பதினாறு வயதிருக்கும். ரியூசனுக்குப் போனவன் இரண்டு நாளாக வரவில்லை. ஊரடங்கு. மூன்றாம் நாள், பெயர் தெரியாத ஒரு பொடியனின் உடல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறதென்று யாரோ சொன்னார்கள். நீலச் சேட்டாம். ரவியும் நீலச் சேட்டோடுதான் போனவன்.

அம்மாவும் நானும் போனோம். விறாந்தையில் எங்களுக்குப் பின்னால் இன்னும் சிலர் வரிசையில் நின்றார்கள். துணியை விலக்கியபோது அம்மா குனிந்து பார்த்தா. நிமிர்ந்தபோது அவவின் முகம் மலர்ந்திருந்தது. "இது என்ரை பிள்ளை இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

எங்களுக்கு அடுத்ததாக நின்ற வேறொரு தாய் உள்ளே போனா. நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அவவின் சத்தம் கேட்டது.

ரவி மறுநாள் ஒரு சிநேகிதன் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தான். அம்மா அந்தச் சிரிப்பைப் பற்றி அதன் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவள் கொஞ்சமாவது கற்றுக்கொண்டிருப்பாள் என்று நீங்கள் நினைப்பீர்கள்.

பூங்கொத்து

ஒன்றே முக்காலுக்கு ஃபோன் அடித்தது.

"அக்கா, நான்தான். ஏன் இத்தனை தரம் அடிச்சிருக்கிறாய்?"

நான் முதலில் அழுதேன், பிறகு ஏசினேன். "ஃபோனை எங்கை வைச்சனி? செத்துப்போனாய் எண்டு நினைச்சன். கஞ்சியும் எரிஞ்சுபோச்சு."

"ஃபோன் கடையிலை கிடந்தது. நான் பொலிஸோடை நிண்டனான். கடைக்கு வாற ஒராள் செத்திட்டுது, அக்கா. கெவின் எண்டு…"

"ஓம் ஓம், வாசிச்சனான். நீ இல்லைத்தானே. அது காணும்." வைத்துவிட்டேன். என்னிடம் ஒரு அவசர வேலை இருந்தது.

அதே செய்திக்குக் கீழே, நான் கேட்ட கேள்விக்கு அடுத்ததாக எழுதினேன்: "கடவுளுக்கு நன்றி. என்னுடைய தம்பி இல்லை. அவர் சுகம். மிகவும் சந்தோஷம்." கைகூப்பும் படம் மூன்று போட்டேன். வாசிப்புக் கண்ணாடி சமையலறை உடுப்பின் பையில் இருந்தது. அதை எடுக்கப் பொறுமையில்லாமல், இறந்தவருக்கும் ஏதாவது வைக்கவேண்டுமே என்று ஒரு சிறிய பூங்கொத்துப் படத்தையும் சேர்த்தேன்.

மாலை ஐந்து மணிக்கு அபி ஃபோனில் அழைத்தாள். அவள் ஓஸ்லோவிலேயே அம்மருட்டில் சிநேகிதியோடு இருக்கிறாள். என் கைபேசிச் சேட்டைகளைத் தூர இருந்தே கண்காணிப்பவள்.

"அம்மா, உதை உடனை ஸ்லெட்டே பண்ணுங்கோ. அழியுங்கோ. இப்பவே."

"ஏன்? பூத்தானே வைச்சனான்."

"அது பூ இல்லை, அம்மா. அது பார்ட்டிக்கு வெடிக்கிற கூம்பு. கலர்ப் பேப்பர் பறக்குது. ஹெர்ரெகுட், கடவுளே, ஒரு மனிசன் செத்ததுக்குக் கீழை நீங்கள் பார்ட்டி வைச்சிருக்கிறியள்."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். கூம்புதான். அதற்குக் கீழே முப்பதுக்கு மேற்பட்டவர்கள் பதில் எழுதியிருந்தார்கள். மரியாதைக்காரர்கள் என்று நான் சொன்ன அதே ஆட்கள். "ஒரு குடும்பம் அப்பாவை இழந்திருக்கிறது" என்று ஒருவர். "நோர்வேப் பெண்மணி, வீட்டுக்குப் போங்கள்" என்று ஒருவர். நான் வீட்டில்தான் இருந்தேன்.

அபி சொல்லச் சொல்ல அழித்தேன். அழித்த பிறகுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு செய்தியை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். நான்காவது பந்தியில் இருந்தது: பாலத்துக்கு அருகே கடை வைத்திருக்கும் ஒருவரே முதலில் கவனித்து உதவிக்குக் கூப்பிட்டார், அவர் பொலிஸாருக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

காலை பதினொன்றரைக்கே என் தம்பி உயிரோடு அந்தச் செய்திக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறான்.

பழுப்புச் சீஸ்

ரவி ஒரு கிழமை ஃபோன் எடுக்கவில்லை. எட்டாம் நாள் எடுத்தான்.

"கடைக்கு வாற சனமெல்லாம் கேக்குது, அக்கா. நோர்வேயிலை இருக்கிறது உன்ரை அக்காவோ எண்டு. கெவின்ரை மகளும் வந்து கேட்டவ."

"என்ன சொன்னனி?"

"ஓம் எண்டன். வேறை என்ன சொல்லிறது? அவ ஒண்டும் சொல்லேல்லை. போட்டா."

நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறேன், நம்பர் தா என்றேன். வேண்டாம் என்றான். கடிதம் எழுதுகிறேன் என்றேன். "அக்கா, நீ எழுதினது காணும்" என்றான்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு விடுப்புப் போட்டேன்.

"போய் என்ன செய்யப் போறீர்?" என்று கணவர் கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப நல்லது. தெரிஞ்சு செய்யேக்கைதான் பயம்" என்றார்.

துக்கவீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று ட்வெய்ட்டா சென்டர் கடைத்தொகுதியில் ஒரு மணித்தியாலம் சுற்றினேன். கடைசியில் ஒரு கிலோ பழுப்புச் சீஸ் வாங்கினேன். நோர்வே ஆட்டுப்பால் சீஸ், கரமல் நிறத்தில் செங்கட்டி மாதிரி இருக்கும். லண்டன் விமான நிலையத்தில் அதை வெளியே எடுக்கச் சொல்லி, இரண்டு அதிகாரிகள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இது என்ன என்று கேட்டபோது, "மரணத்துக்கு" என்றேன். அதற்குப் பிறகு இன்னும் அரை மணித்தியாலம் நின்றேன்.

ரயிலில் அபி எழுதித் தந்த ஐந்து வரி ஆங்கில மன்னிப்பை மனப்பாடம் செய்தபடி போனேன். பத்து வருடமாக எனக்கு உள்ளங்கை மாதிரித் தெரிந்த ஊர். பாலம், பாறை, தீப்பிடித்த விடுதி எல்லாவற்றையும் ஜன்னலால் பார்த்தே அடையாளம் கண்டேன். ஆனால் அங்கே காற்று இப்படி அடிக்கும் என்றோ, ஊர் முழுக்க வினாகிரியும் பொரித்த உருளைக்கிழங்கும் மணக்கும் என்றோ யாரும் எழுதவில்லை. நிலையத்தில் ரவி நின்றான். மெலிந்திருந்தான். "சாப்பிட்டியோ?" என்றேன். "ஓம்" என்றான்.

ஹெலன்

மறுநாள் காலை பத்து மணிபோல் ரவி சாமான் எடுக்க வெளியே போனான். சுகந்தி மேலே சமைத்துக்கொண்டிருந்தாள். நான் கல்லாவில் நின்றேன். கதவு மணி அடித்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சாம்பல் நிற மழைக்கோட்டு. வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தாள்.

"பச்சைச் சேலை" என்றாள் ஆங்கிலத்தில். "நீங்கள்தான் நோர்வேப் பெண்மணி."

கெவினின் மகள் ஹெலன். மனப்பாடம் செய்த ஐந்து வரியும் போய்விட்டது. வாயில் வந்தது இதுதான்: "மன்னித்துவிடுங்கள். அது பூ என்று நினைத்தேன்."

அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பிறகு, அந்தக் கூம்பைப் பற்றிக் கேட்கத் தான் வரவில்லை என்றாள்.

அவள் வேறொரு நகரத்தில் வேலை செய்கிறாள். அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது அவளும் அதே செய்தியைப் பார்த்திருக்கிறாள். அப்பா தினமும் காலையில் அந்தக் கடலில் குளிப்பவர், பனிக்காலத்திலும். அப்பாவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி வீதியோரத்தில் நின்று அடித்துக்கொண்டேயிருந்தாள்.

"அப்போதுதான் உங்கள் கேள்வியைப் பார்த்தேன். தமிழரா, மீசை இருந்ததா என்று. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, கடைக்காரர் ரவியைத்தான் கேட்கிறீர்கள் என்று. அவரை எனக்குத் தெரியும். என் அப்பாவின் மூக்குக்கண்ணாடியையும் சாவியையும் தினமும் இந்தக் கல்லாவில் வைத்துப் பார்த்துக்கொள்பவர். நல்ல மனிதர்." நிறுத்தினாள். "அது அவராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நல்லவர் என்று தெரிந்துகொண்டே வேண்டினேன். இரண்டு மணித்தியாலம்."

நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிறகு நீங்கள் எழுதினீர்கள், தம்பி இல்லை என்று. பொலிஸ் என் வீட்டுக் கதவைத் தட்டியது அதற்கு அரை மணித்தியாலம் கழித்து. எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன்."

அவள் அழவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை, ரவியிடம் சொல்ல வந்து சொல்ல முடியாமல் திரும்பிப் போனேன் என்றாள். அவருடைய முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்றாள்.

என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "நானும்தான். யாராக இருந்தாலும் பரவாயில்லை, தம்பி மட்டும் வேண்டாம் என்று கேட்டேன். அந்த யாரோ உங்கள் அப்பா."

அவள் தலையை ஆட்டினாள். கல்லாவைச் சுற்றி வெளியே வந்து அவளுடைய கையைப் பிடித்தேன். காற்றில் வந்த கை, ஐஸ் மாதிரி இருந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தோம். பால் வாங்க வந்த ஒரு மனிதர் எங்களைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் பாலைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

ரவி பெட்டிகளோடு வந்து சேர்ந்தபோது அவள் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று கண்ணால் என்னையும் கேட்டுக்கொண்டாள். ரவி கல்லாவின் லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தான். சுத்தமான துணியில் சுற்றி வைத்திருந்தான். சாவியைப் பொலிஸிடம் கொடுத்தபோது இதை மறந்துவிட்டேன், பிறகு உங்களிடம் தரத் தைரியம் வரவில்லை என்றான். அவள் அதை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பழுப்புச் சீஸையும் கொடுத்தேன். என்ன என்று கேட்டாள். சொன்னேன். "அப்பா எதையும் சாப்பிட்டுப் பார்ப்பார்" என்றாள்.

ஹெலனின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ரவியிடம் அவளே பிறகு ஒருநாள் சொல்லிவிட்டாள். "நானெண்டாலும் அப்பிடித்தான் வேண்டியிருப்பன்" என்றானாம்.

கட்டு

அன்று பிற்பகல் கடையில் ஆட்கள் இல்லை. ரவி விற்காத பத்திரிகைகளைத் திருப்பி அனுப்ப எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தேன். அவனிடம் சொல்வதற்கு அன்று என்னிடம் எந்த விபத்தும் இல்லை.

"அண்டைக்கு என்ன நடந்தது, தம்பி?" என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. வாசிச்சனியெல்லோ."

"தெரியாது. சொல்லு."

கொஞ்ச நேரம் அடுக்கிக்கொண்டேயிருந்தான். பிறகு சொன்னான். சுகந்தி லண்டனுக்குப் போயிருந்ததால் அன்று அவன் நடக்கப் போகவில்லை. எட்டு மணிக்குக் கெவின் வந்து கண்ணாடியையும் சாவியையும் வைத்துவிட்டுப் போனார். வழக்கமாக அரை மணித்தியாலத்தில் தலையைத் துவட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஒன்பது மணிக்கும் கண்ணாடி கல்லாவில் கிடந்தது. ரவி கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். கூழாங்கல் கரையில் துவாய் மட்டும் இருந்தது. நாயோடு வந்த ஒரு பெண்ணிடம் உதவிக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினான்.

"இறங்கினனியோ?"

"ஓம். சப்பாத்தோடை."

"உனக்கு நீந்தத் தெரியாதே."

"தெரியாது. அவர் முகம் கவிண்டு கிடந்தார். முதுகு தெரிஞ்சுது. தண்ணி நெஞ்சு மட்டும் வந்திட்டுது, அக்கா. கால் கல்லிலை நிக்குதில்லை. ஒரு அலை வந்து வாய்க்குள்ளை அடிச்சுது. அதோடை நிண்டிட்டன்." பத்திரிகை ஒன்றை மடித்தான். மடித்ததையே மறுபடி மடித்தான். "கனக்க இல்லை. உந்தப் பால் வைக்கிற ஃப்ரிட்ஜ் இருக்கிற தூரம்தான். படகு வரும்வரைக்கும் அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டனான். டொக்டர் சொன்னார், அவர் எப்பவோ முடிஞ்சிட்டார், ஹார்ட் எண்டு. எண்டாலும் அந்த நேரம் எனக்கு அது தெரியாதுதானே. தெரியாமல்தானே நிண்டனான்."

பல வருடமாக எத்தனையோ பேருக்கு அனுதாபம் எழுதியவள் நான். நீ செய்தது சரி என்று சொல்லலாம். உன்னால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். அவை எல்லாவற்றையும் அவனுக்கு மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள்.

கடையில் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. ஆனாலும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

"நீ அதுக்கு மேலை போகாதது எனக்குச் சந்தோசமடா" என்றேன்.

அவனுடைய வாய் கோணியது. முகத்தைத் திருப்பி, சேட்டுக் கையால் துடைத்தான். வெளியே கடற்பறவைகள் கத்திக்கொண்டிருந்தன.

பிறகு கயிற்றை எடுத்துப் பத்திரிகைக் கட்டைச் சுற்றினான். இழுத்துப் பிடித்துக்கொண்டு, "விரலை வை, அக்கா" என்றான். முடிச்சு விழும் இடத்தில் விரலை வைத்தேன்.